தாழ்சுரமும் ஒலிபெருக்கியும்

மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவரைப் பெரும்பாலும் எவரும் உற்று நோக்குவதில்லை. பாடகரும் முன்னணிக் கிட்டார்க்காரரும் கைத்தட்டலைப் பெற்றுக்கொள்ள, அவர் ஓர் ஓரமாக நின்று பாட்டின் அடித்தளத்தைக் கட்டிக்கொண்டிருப்பார். ஆயினும் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டால், பாட்டு முழுவதும் காலிழந்ததுபோல் தள்ளாடுவதைச் செவியுடைய எவரும் உணர்வர். இத்துணை இன்றியமையாத கருவியின் குரல் அரங்கின் கடைசி வரிசைவரை சென்றடைவதற்குப் பல்லாண்டுக்கால முயற்சி தேவைப்பட்டது. அம்முயற்சியின் வரலாறு ஒலிபெருக்கியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

அண்மைக் காலமாகப் பேஸ் வாசிக்கும் இளைஞரிடையே ஓர் ஆர்வம் பெருகியிருக்கிறது. 1950ஆம் ஆண்டிலிருந்து 1980ஆம் ஆண்டுவரை செய்யப்பட்ட பழைய ஒலிபெருக்கிகளைத் தேடி வாங்கித் தம் பெட்டிகளில் பொருத்திக்கொள்ள அவர்கள் விரும்புகின்றனர். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுள்ளும் இவ்வார்வம் கொண்டோர் உண்டு. பல மாதம் மிச்சம் பிடித்த பணத்தை ஒரு பழங்காந்தத்திற்குக் கொடுத்து, முதல் நிகழ்ச்சியிலேயே அதனை எரித்துவிட்டால் இழப்பு இரண்டாகும். பணமும் போயிற்று, மீண்டும் செய்யப்படாத ஒரு பழம்பொருளும் போயிற்று. ஆகவே, பழைய ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் முதலில் அதன் வரலாற்றைக் கேட்டறிதல் நலம். ஒவ்வொன்றும் எக்காலத்தில், எவ்வளவு பெரிய அரங்குக்காக, எத்தனை வாட் ஆற்றலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்பதை அறிந்தால், தேர்வு பாதி முடிந்ததாகும்.

ஒலிபெருக்கி என்று நாம் இங்கே குறிப்பிடுவது பெட்டி முழுவதையும் அன்று. பெட்டிக்குள் பொருத்தப்படும் காந்தமும், கம்பிச் சுருளும், காகிதக் கூம்பும் சேர்ந்த உறுப்பையே குறிப்பிடுகிறோம். கடைத்தெருவில் இதனை ஸ்பீக்கர் என்பர். நாமும் அச்சொல்லையே கொள்வோம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் மின்னோட்டம் காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் கம்பிச் சுருளினுள் பாய்கிறது. சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. இவ்வளவே இதன் இயக்கம். கருத்து எளிது, ஆனால் தாழ்ந்த சுரங்களைப் பொறுத்தமட்டில் செயல் கடினம்.

அதற்குக் காரணம் என்ன? பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82 முறை அதிர்கிறது. ஒரே அளவு உரப்பைப் பெற வேண்டுமாயின், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும் என்பது பௌதிக விதி. அதாவது, கிட்டாருக்கு ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதுமான கூம்பு, பேஸுக்கு நான்கு மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். பழைய ஸ்பீக்கர்களுள் பலவற்றின் சுருள்கள் அவ்வளவு தொலைவு அசைவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எல்லை கடந்தால் சுருள் காந்த இடைவெளியை விட்டு வெளியேறும், ஒலி சிதையும், மேலும் வற்புறுத்தினால் காகிதம் கிழியும்.

இவ்விடத்தில் செவியின் விந்தை ஒன்றையும் கூற வேண்டும. தம்புராவின் மந்திரத் தந்தியை மீட்டினால் சட்சத்தோடு அந்தர காந்தாரமும் எழுவதைச் சங்கீதம் அறிந்தோர் கேட்டிருப்பர். ஒரு தந்தி தன் அடிச்சுரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளையும் உடன் எழுப்புகிறது. இம்மேற்சுரங்கள் மட்டும் காதில் விழுந்தாலும், இல்லாத அடிச்சுரத்தை நம் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாகத் திரையுலகில் அறிமுகமான இளையராஜா, பின்னர்த் தம் பாடல்களில் பேஸ் கிட்டாருக்கெனத் தனித்த இசை வரிகளை அமைத்தார். அவ்வரிகளை ஒரு கையகல டிரான்சிஸ்டர் வானொலியிலும் நம் மக்கள் கேட்டு இன்புற்றனர். அச்சிறிய ஸ்பீக்கர் 41 அதிர்வுகளை எழுப்பியிருக்க இயலாது. செவியே அதனைப் படைத்துக்கொண்டது. பழைய பேஸ் பெட்டிகளின் புகழ்பெற்ற ‘இனிமை’யின் பெரும்பகுதி, அடிச்சுரத்தைக் காட்டிலும் இரண்டாம் மூன்றாம் மடங்குச் சுரங்களிலேயே அடங்கியிருக்கிறது. இதனை நினைவிற்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீட்டர் ஜென்சன் என்பாரும், எட்வின் பிரிதாம் என்னும் பொறியியலாரும் கலிபோர்னியாவில் கூடி உழைத்தனர். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்திற்குத் தங்கள் ‘மேக்னவாக்ஸ்’ கருவியின் வழியே பேச்சையும் இசையையும் கேட்கச் செய்தனர். 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், சான் டீகோ நகரில் ஏறத்தாழ 50,000 மக்கள் திரண்ட கூட்டத்தில் அக்கருவியின் துணைகொண்டு பேசினார். ஆனால் அது கொம்பின் வழியே ஒலித்த கருவி. மனிதக் குரலுக்கு அது போதுமானதாயிற்று, தாழ்சுரத்திற்குப் போதவில்லை.

1925ஆம் ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் கொம்பில்லாமலே நேராகக் காற்றைத் தள்ளும் கூம்பு ஸ்பீக்கரைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். இன்று நம் வீடுகளில் உள்ள ஸ்பீக்கர்களுள் மிகப் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. அந்நாளில் வலிமையான நிலைக்காந்தங்கள் இல்லை. ஆதலால் ஒரு பெரிய கம்பிச் சுற்றில் மின்சாரம் பாய்ச்சி மின்காந்தமாக்கிப் பயன்படுத்தினர். 1930களில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு சேர்த்து உருக்கிய ‘அல்னிகோ’ என்னும் கலவைக் காந்தம் உருவாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மின்காந்தச் சுற்று மறைந்து, அல்னிகோ அதன் இடத்தைப் பிடித்தது.

பீட்டர் ஜென்சனின் பெயரைத் தாங்கி 1927இல் தொடங்கப்பட்ட நிறுவனம் தன் ஸ்பீக்கர்களுக்கு இட்ட குறியீடுகளில் இவ்வரலாறு சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. எஃப் என்று தொடங்கினால் மின்காந்தம். பி என்று தொடங்கினால் அல்னிகோ நிலைக்காந்தம். சி என்று தொடங்கினால் பிற்காலத்துப் பீங்கான் காந்தம். நடுவில் உள்ள எண் கூம்பின் விட்டத்தை அங்குலத்தில் கூறும். இறுதி எழுத்து வலிமையின் தரத்தைக் குறிக்கும். எனவே ‘பி-15-என்’ என்று கண்டால், அல்னிகோ காந்தம் கொண்ட 15 அங்குல ஸ்பீக்கர் என்று உடனே அறியலாம்.

இனி நம் கருவிக்கு வருவோம். ஆளுயர டபிள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்த வாத்தியக்காரர்கள், டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும்போது தம் ஒலி கேட்காமல் துன்புற்றனர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர், 1951இல் தோளில் மாட்டி வாசிக்கத்தக்க ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் மின்கருவியை வெளியிட்டார். லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மான்ட்கோமரி அதனை வாசித்துப் பரப்பினார். ஆனால் மின்கருவி தனியே நின்று ஒலிக்காது. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வேண்டும். அதற்காக ஃபெண்டர் 1952இல் ‘பேஸ்மேன்’ என்னும் பெட்டியைச் செய்தார். அதில் இருந்தது ஒரே ஒரு 15 அங்குல ஜென்சன். ஆற்றல் 30 வாட்டுக்கும் குறைவு. சிறு நடன அரங்குகளுக்கு அது போதும்.

சில ஆண்டுகளுக்குள், 1950களின் நடுவில், அதே பேஸ்மேன் நான்கு 10 அங்குல ஜென்சன்களோடு, பின்புறம் திறந்த பெட்டியாக உருமாறிற்று. நான்கு ஸ்பீக்கர்களும் சுமையைப் பகிர்ந்துகொண்டதால் எரிதல் குறைந்தது. ஆயினும் பின்புறம் திறந்திருந்ததால் ஒரு குறை நேர்ந்தது. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே உறிஞ்சுகிறது. திறந்த பெட்டியில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று சந்தித்து, தாழ்சுரத்தை அழித்துவிடுகின்றன. விளைவு விந்தையானது. பேஸ் வாசிப்போருக்காகச் செய்த அப்பெட்டியைச் சாதாரணக் கிட்டார் வாசிப்போர் பெரிதும் விரும்பி ஏற்றனர். 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷல் தம் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தபோது, பேஸ்மேனின் மின்சுற்றையே பெரும்பாலும் பின்பற்றினார். ‘பேஸ்’ என்ற பெயர் இருப்பதனாலேயே ஒரு பெட்டியோ ஸ்பீக்கரோ பேஸுக்கு ஏற்றதாகிவிடாது என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நியூயார்க் நகரிலிருந்து வருகிறது. டபிள் பேஸ் வாசித்துவந்த எவரெட் ஹல் என்பவர், அக்கருவி தரையில் ஊன்றி நிற்கும் முளையினுள் ஒலிவாங்கியைப் பொருத்தும் முறையைக் கண்டார். முளை என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் ஆம்ப்ளிஃபையர் என்பதையும் சேர்த்து ‘ஆம்பெக்’ என்று தம் நிறுவனத்திற்குப் பெயரிட்டார். 1960இல் அந்நிறுவனம், ஜெஸ் ஆலிவர் வகுத்த ‘பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ்’ பெட்டியை வெளியிட்டது. ஆம்ப்ளிஃபையரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆற்றல் ஏறத்தாழ 25 வாட். ஸ்பீக்கர் அதே 15 அங்குல ஜென்சன் இனம். ஆனால் பெட்டி மூடப்பட்டு, கணக்காக அமைந்த ஒரு துவாரத்தின் வழியே மட்டும் காற்று வெளியேறுமாறு செய்யப்பட்டிருந்தது. அத்துவாரம் கூம்பின் பின்னலையை வீணாக்காமல் தாழ்சுரத்திற்குத் துணையாக்கிற்று. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932இல் உரிமம் பெற்ற முறை இது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் மேடைகளில் இப்பெட்டியைப் பயன்படுத்தினார். பேஸ்மேனிலும் போர்ட்டாஃப்ளெக்ஸிலும் ஜென்சன்களே இருந்தன. பெட்டி மாறியதால் குரல் மாறிற்று. ஸ்பீக்கரை வாங்குவோர் பாதிக் கருவியையே வாங்குகின்றனர், மறுபாதி மரப்பெட்டி.

மூன்றாவதாக, ஜேம்ஸ் லான்சிங் என்னும் மேதையை நினைவுகூர வேண்டும். 1930களில் பேசும் படம் பரவியபோது, பெரிய திரையரங்குகளை நிரப்பும் ஒலி தேவைப்பட்டது. அந்நாளைய ஆம்ப்ளிஃபையர்களோ சில வாட்டுகளையே தந்தன. எனவே ஒரு வாட்டைக்கூட வீணாக்காத ஸ்பீக்கர்களைச் செய்வதே லான்சிங்கின் தொழிலாயிற்று. 1946இல் தம் பெயரால் ஜே.பி.எல். நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1940களின் இறுதியில் ‘டி-130’ என்னும் 15 அங்குல ஸ்பீக்கரை உருவாக்கினார். தட்டையான அலுமினிய நாடாவால் சுற்றப்பட்ட அதன் சுருள் நான்கு அங்குல விட்டமுடையது. 1949இல் லான்சிங் மறைந்தார். அவர் படைப்பு நிலைத்தது. 1960களில் அதன் காந்த இடைவெளியைச் சற்று அகலமாக்கி, மேடையின் முரட்டு உழைப்பைத் தாங்குமாறு ‘டி-130-எஃப்’ என்றும், பேஸுக்கெனவே ‘டி-140-எஃப்’ என்றும் வெளியிட்டனர்.

இத்தகைய ஸ்பீக்கர்களின் சிறப்பு உணர்திறன் எனப்படும். ஒரு வாட்டுக்கு 100 டெசிபல் ஒலி தரும் ஸ்பீக்கரும், 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் இருப்பின், பின்னதற்குப் பத்து மடங்கு ஆற்றல் கொடுத்தால்தான் முன்னதற்கு ஈடாகும். 50 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்திருப்பவருக்கு இது பெருஞ்செல்வம். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. உயர்ந்த உணர்திறன், ஆழ்ந்த தாழ்சுரம், சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டையே ஒருவர் பெறலாம். மூன்றையும் பெறுதல் இயலாது. இலேசான கூம்பும் வலிய காந்தமும் கொண்ட பழைய ஜே.பி.எல். சிறிய பெட்டியில் அடைபட்டால், உரத்துப் பேசும். ஆனால் அடியில் மெலிந்து போகும்.

இங்கிலாந்திலும் இக்காலத்தில் பெரும்பணி நடந்தது. செலஸ்டியன் நிறுவனத்தின் நீலவண்ண 12 அங்குல ஸ்பீக்கர் 15 வாட்டையே தாங்கவல்லது. மார்ஷல் நான்கு செலஸ்டியன்களை ஒரு மூடிய பெட்டியில் சேர்த்ததற்கு இதுவே முக்கியக் காரணம். நான்கு பதினைந்து அறுபதல்லவா? அறுபதுகளின் நடுவில் வந்த பச்சைமூடிச் செலஸ்டியன்கள் ஒரே தோற்றத்தில் இருவகைக் கூம்புகளோடு விற்கப்பட்டன. ஒன்றின் இயல்பதிர்வு வினாடிக்கு 75, மற்றொன்றினது 55. முன்னது கிட்டாருக்கு, பின்னது பேஸுக்கு. வெளிமூடியின் நிறத்தைக் கண்டு மயங்கி 75ஐ வாங்கியவர், தாழ்சுரத்தை எங்கே தேடியும் காணமாட்டார். மூடிய பெட்டியில் வைத்தால் இயல்பதிர்வு இன்னும் உயரும். அதற்குக் கீழே ஒலி விரைந்து தேய்ந்துவிடும்.

1960களின் இறுதியில் திறந்தவெளி அரங்குகளில் பல்லாயிரவர் கூடும் இசை விழாக்கள் எழுந்தன. 25 வாட் பெட்டி அங்கே கொசுவின் ரீங்காரமாயிற்று. 1969இல் ஆம்பெக் நிறுவனம் ‘எஸ்.வி.டி.’ என்னும் ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டது. அதன் ஆற்றல் 300 வாட், வால்வுகள் 14. அவ்வாண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதனைக் கொண்டு சென்றனர். அதற்கெனச் செய்த பெட்டியில் ஒரு 15 அங்குலம்கூட இல்லை. மூடிய அறைகளில் இவ்விரண்டாக எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்தன. இது முரண்போல் தோன்றும். ஆனால் எட்டுச் சிறிய கூம்புகளின் மொத்தப் பரப்பு, மூன்று 15 அங்குலக் கூம்புகளின் பரப்பையும் விஞ்சுவது. ஒவ்வொன்றும் சிறிதே அசைந்து, சுமையை எட்டாகப் பிரித்துக்கொண்டது. அப்படியிருந்தும், ஒரு பெட்டி தாங்காது என்று அஞ்சி, தொடக்கத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு பெட்டிகள் கொடுத்தனர். தேர் பெரிதானால் வடம் இழுக்கும் கைகளும் பெருக வேண்டும் என்ற நம் ஊர் வழக்கம் இங்கேயும் பொருந்துகிறது.

அல்னிகோவின் புகழைப் பற்றியும் சிறிது ஆராய்வோம். 1952இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் பீங்கான்போன்ற ஃபெரைட் காந்தத்தை வெளியிட்டனர். அது மலிவு, கோபால்ட் தேவையில்லை. 1960களில் பல ஸ்பீக்கர்கள் அதற்கு மாறின. ஆயினும் உயர்ந்த வகைகளில் அல்னிகோ நீடித்தது. 1978இல், உலகின் கோபால்ட் தேவையில் பெரும்பகுதியை வழங்கிவந்த ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் போர் மூண்டது. கோபால்ட் விலை வானளாவ உயர்ந்தது. ஸ்பீக்கர் செய்வோர் அல்னிகோவைக் கைவிட்டனர். ஜே.பி.எல். நிறுவனத்தின் ‘கே-140’ அல்னிகோ காந்தமுடையது. அதன்பின் வந்த ‘இ-140’ ஃபெரைட் காந்தமுடையது. ஆகவே அல்னிகோ மறைந்ததற்குக் காரணம் ஆப்பிரிக்கச் சுரங்கமும் சந்தை விலையுமே; செவியின் தீர்ப்பன்று. அதுபோலவே, ஃபெரைட் என்றவுடன் இழிவாகக் கருதி ஒதுக்குவதும் தகாது. அளவு கடந்த மின்னோட்டத்தால் அல்னிகோ தன் காந்த வலிமையில் ஒரு பகுதியை இழப்பதுண்டு. ஃபெரைட் அவ்வகையில் உறுதியானது. பேஸ் வாசிப்போருக்குப் பல வேளைகளில் பிந்தியதே நல்ல துணை. விலையும் குறைவு.

ஏறத்தாழ 1960வரை பெட்டியின் அளவை அனுபவத்தாலும் ஊகத்தாலுமே பெரும்பாலும் அமைத்து வந்தனர். அதனைக் கணிதமாக்கியவர் ஆஸ்திரேலியப் பொறியியலார் நெவில் தீல். துவாரப் பெட்டிகளைப் பற்றிய அவருடைய ஆய்வுரை 1961இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்தில் பணியேற்றார். ஒரு நாட்டின் பொது வானொலியில் பணிபுரிந்தவர் இத்துறைக்கு வழிகாட்டினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரித்தெழுதினார். அதன்பின் ஒரு ஸ்பீக்கரின் இயல்பதிர்வையும் வேறு சில அளவுகளையும் அளந்து, அதற்குரிய பெட்டி எத்தனை லிட்டர், துவாரம் எவ்வளவு நீளம் என்று கணக்கிட முடிந்தது. பழைய ஸ்பீக்கர் பிறந்தபோது இக்கணக்கு இல்லை. இன்று அதனை வாங்குவோருக்கு உண்டு. முன்னோர் செய்த பொருளுக்குப் பின்னோர் கண்ட அறிவைத் துணையாக்குவது நம் கடமை.

இனி, கையில் ஒரு பழைய ஸ்பீக்கரை எடுத்துப் பார்ப்போர் கவனிக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். சென்னை ரிச்சி தெருவாயினும், மும்பை லாமிங்டன் சாலையாயினும், வேறு எங்காயினும் இம்முறை ஒன்றே.

முதலாவது, எண்ணைப் படித்தல். அமெரிக்க ஸ்பீக்கர்களின் சட்டத்திலோ காந்த மூடியிலோ ஒரு தொடர் எண் அச்சிடப்பட்டிருக்கும். முதற்பகுதி செய்தவரைக் காட்டும்: 220 ஜென்சன், 137 சி.டி.எஸ்.; 465 ஆக்ஸ்ஃபோர்டு; 328 யூட்டா; 67 எமினன்ஸ். அடுத்து ஆண்டும், இறுதியில் வாரமும் வரும். ‘137 6512’ என்றால், சி.டி.எஸ். நிறுவனத்தார் 1965ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்தது. சிலவற்றில் ஆண்டுக்கு ஓர் இலக்கமே உண்டு. ‘220 831’ என்பதில் உள்ள 8, 1948ஆ, 1958ஆ, 1968ஆ என்பதைக் காந்த வகையையும் பிற அடையாளங்களையும் கொண்டே துணிய வேண்டும். இந்த ஐயத்தைப் பயன்படுத்திப் பத்தாண்டு கூட்டிச் சொல்லும் வணிகரும் உண்டு.

இரண்டாவது, கூம்பைச் சோதித்தல். இரு கைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, கோணாமல் மெல்ல அழுத்தி விட வேண்டும். உள்ளே உராய்வொலி கேட்டால் சுருள் நகர்ந்துவிட்டது அல்லது கருகிவிட்டது என்று கொள்க. விளிம்பு காகிதமாயின் வெடிப்பையும், பஞ்சுபோன்ற நுரையாயின் உதிர்வையும் நோக்குக. கூம்பு மாற்றப்பட்டதா என்று கட்டாயம் கேட்டறிக. கூம்பும் சுருளும் புதிதாயின், அது பழைய உடலில் குடிபுகுந்த புதிய உயிர். அது குற்றமன்று, நன்றாகச் செய்யப்பட்டிருப்பின் மேடைக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் பழையதன் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மின்தடையை அளத்தல். எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர், மீட்டரில் ஏறத்தாழ ஆறு ஓம் காட்டும். சுழியத்திற்கு அருகே காட்டினாலோ, எதையும் காட்டாவிட்டாலோ சுருள் கெட்டது. ஒன்றரை வோல்ட் பாட்டரியை ஒரு கணம் தொட்டால் கூம்பு எத்திசையில் அசைகிறது என்பதும் தெரியும். பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்களில் சிவப்பு முனையில் நேர்மின் தொட்டால் கூம்பு உள்ளே செல்லும். மற்றவற்றில் வெளியே வரும். இவ்விரண்டையும் அறியாமல் ஒரே பெட்டியில் சேர்த்தால், ஒன்று தள்ள மற்றொன்று இழுத்துத் தாழ்சுரத்தைக் கொன்றுவிடும்.

நான்காவது, ஆற்றலைக் கணக்கிடுதல். பெட்டியில் உள்ள ஸ்பீக்கர்கள் தாங்கும் வாட்டுகளின் கூட்டுத்தொகை, ஆம்ப்ளிஃபையரின் ஆற்றலை விஞ்சியிருக்க வேண்டும். பேஸுக்கு இருமடங்கு இருப்பின் நன்று. இக்காலத்து 500 வாட் ஆம்ப்ளிஃபையரை 1950களின் ஜென்சனோடு இணைப்பது, வண்டிமாட்டை ரயிலில் பூட்டுவதற்கு ஒப்பாகும். துவாரப் பெட்டியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. பெட்டி இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்று கூம்பைத் தாங்காது. கூம்பு கட்டின்றித் துள்ளும். ஆகவே அதற்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே வடிகட்டி நிறுத்துவது பழைய ஸ்பீக்கரின் ஆயுளை நீட்டிக்கும். செவி இழப்பது மிகச் சிறிது.

ஐந்தாவது, இவை அனைத்தினும் முந்தியது: நமக்கு வேண்டுவது என்ன என்று வரையறுத்தல். ஒலிப்பதிவு அறையிலும் சிறு அரங்கிலும் வாசிப்பவருக்கு, துவாரப் பெட்டியில் அமைந்த ஒரு பழைய 15 அங்குல ஜென்சன் போதும். அங்கே அதன் வட்டமான குரலுக்கு நிகர் அரிது. குறைந்த வாட் கொண்டு பெரிய மண்டபத்தை நிரப்ப வேண்டியவர், பெரிய பெட்டியில் வைத்த ஜே.பி.எல். அல்லது ஆல்டெக் 15 அங்குலத்தை நாடலாம். டிரம்ஸுக்கு ஈடாக இடித்து வாசிப்பவருக்கு மூடிய பெட்டியில் பல 10 அங்குலங்களே தகும். ஊருக்கு ஊர் ரயிலில் பெட்டி சுமந்து செல்பவருக்கோ, 1980களில் கண்டறியப்பட்ட நியோடிமியம் காந்தம் பொருந்திய இலேசான புதிய ஸ்பீக்கரே உற்ற நண்பன். அவர் பழமையைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை.

பழைய ஸ்பீக்கர் தெய்வமும் அன்று, குப்பையும் அன்று. அது ஒரு காலத்துக் கேள்விக்குக் கிடைத்த விடை. நடன அரங்கில் நண்பர் அறுவர் வாசித்தபோது ஜென்சன் விடையாயிற்று. ஐந்து வாட்டால் திரையரங்கை நிரப்ப வேண்டியபோது லான்சிங்கின் கலை விடையாயிற்று. மைதானத்தில் ஆயிரமாயிரம் பேர் திரண்டபோது எட்டுக் கூம்புகள் விடையாயின. நம் கேள்வி எதுவோ அதற்குரிய விடையை எடுத்துக்கொள்வதே தேர்வு. வேறொரு கேள்வியின் விடையை எடுத்து, நம் கேள்விக்குப் பொருந்தவில்லையே என்று அதன்மேல் மின்சாரத்தைக் கொட்டினால், அது புகைந்து அடங்கும்.

கூம்பின் காகிதம் ஆண்டுதோறும் நைந்துகொண்டே வருகிறது. எஞ்சியிருப்பனவற்றின் எண்ணிக்கை இனிக் குறையுமேயன்றிக் கூடாது. அவற்றை அலமாரியில் பூட்டி வைப்பதால் இசைக்குப் பயனில்லை. அளவறியாமல் முழக்குவதாலும் பயனில்லை. அவை எதற்காகப் பிறந்தனவோ அப்பணியில், அவை தாங்கும் அளவில் வாசிப்போமாயின், எழுபது ஆண்டு முந்திய ஒரு தொழிலாளியின் கைவேலை இன்றும் நம் நடுவே பேசும். தாழ்சுரத்தின் இயல்பே அடக்கம்தான். அதனைத் தாங்கி நிற்கும் கருவியையும் அடக்கத்தோடு தேர்ந்து, அளவோடு போற்றுவோமாக.